சிவப்புப் பெட்டி

இரண்டாயிரத்து ஏழு, டிசம்பர்.
போனஸ் கவர் சட்டைக்குள் உறுத்த
ராணிப்பேட்டையிலிருந்து வேலூருக்கு வந்தேன்.
ஆபீசர்ஸ் லைனில் அத்தாவுல்லா கடை.
கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு டிவி,
இரண்டிலும் ஒரே கடல்,
ஒரே ஆமை.
இடது கடலுக்கு ஹெச்.டி. டிவிடி என்று பெயர்,
வலது கடலுக்கு ப்ளூ-ரே.

கால் மணி நேரம் நின்று பார்த்தேன்.
ஃபினிஷிங் செக்‌ஷனில் பதினாறு வருஷம்,
கறுப்புத் தோலிலேயே ஒன்பது கறுப்பு பிரிக்கிற கண்.
ஆமைக்கும் ஆமைக்கும்
மயிரளவு பேதம் சொல்ல முடியவில்லை.

"எது நல்லது பாய்?"
"சிவப்புப் பெட்டி பதினாலாயிரம்.
நீலப் பெட்டி இருபத்தேழு."
"நான் கேட்டது அது இல்லை."
"எனக்குத் தெரிஞ்சது அதுதான் சார்.
ரெண்டு கம்பெனிக்கும் சண்டை, ஒருத்தன்தான் நிப்பான்.
எவன்னு தெரிஞ்சா நான் ஏன்
ரெண்டையும் அடுக்கி வெச்சிருக்கேன்?"

பாலிடெக்னிக் முடித்த ரிஸ்வான்
தட்டை விளக்கடியில் சாய்த்துக் காட்டினான்.
ரெண்டையும் படிக்கிறது ஒரே நீல வெளிச்சம்தான் அண்ணே,
பேரை மட்டும் ஒருத்தன் எடுத்துக்கிட்டான்.
சிவப்புல எழுத்து ஆழத்துல இருக்கு.
நீலத்துல மேல்தோலுக்கு அடியிலேயே,
நகம் பட்டா போச்சு.
அதனால மேல கெட்டியா ஒரு பூச்சு.

பூச்சு என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது.
புரிந்ததுதான் தப்பு.
எந்தத் தோலுக்குக் கனமாகப் பூசுவோம்?
உண்ணி கடித்ததற்கு,
முள்வேலி கிழித்ததற்கு,
சூடு போட்ட தழும்பு அழியாததற்கு.
நல்ல தோல் தன் முகத்தோடு போகும்.
பதினாலாயிரம் எண்ணி வைத்தேன்.

நவமணி மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை.
நாலாம் நாள்
முதுகு புடைத்த எங்கள் பழைய டிவியைத் துடைத்தபடி கேட்டாள்,
"இவ்ளோ துல்லியம் இதுல தெரியுமா?"

கிறிஸ்துமஸுக்குக் குடியாத்தத்திலிருந்து வந்த மச்சான் கிருபாகரன்
பெட்டியைத் தடவி
"நீலம் வாங்கியிருக்கலாம்" என்றான்.
அவன் வீட்டில் இருப்பது டேப்ரிக்கார்டர்.

பிப்ரவரியில் பேப்பரில் நாலு வரி.
சிவப்புக்காரன் கைகழுவிவிட்டான்.
அன்று ஷிஃப்டில் ஸ்ப்ரே மெஷினுக்குக் கீழே
வரிசையாகப் போனது உண்ணி கடித்த தோல்,
பூச்சு ஏறி, மினுமினுத்து,
அத்தனையும் ஜெர்மனிக்கு,
அத்தனையும் நல்ல விலைக்கு.

எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு:
நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்.
சாமி பிறகு வந்துவிட்டார்.
காலியான அந்த இடத்தில்
தட்டில்லாத மெஷின் என்று
என் பெட்டியை எழுதிக்கொள்ளலாம்.

அத்தாவுல்லா சொல்லியனுப்பினார்.
"பெட்டியைத் திருப்பி எடுக்க முடியாது சார்.
மீதி பதினோரு தட்டு இருக்கு.
காசு வேணாம், கொண்டுபோங்க."
"நீலம் விக்குதா?"
"எங்க? இவர் ஒருத்தர்தான் பாக்குறார்."

கண்ணாடிக்கு வெளியே ஒரு கல்கத்தாக்காரர்,
கக்கத்தில் சி.எம்.சி. ஃபைல்,
குரங்குக் குல்லாயைக் கழுத்துக்கு இறக்கியிருந்தார்.
மனைவி பதினெட்டு நாளாக வார்டில்.
காலையில் டாக்டர் வந்து போனதும் இங்கே வருவாராம்,
எது நல்லது என்று ஒருநாளும் கேட்டதில்லையாம்,
படம் முடிந்தால் முதலிலிருந்து போடச் சொல்வாராம்.

இடது டிவி அணைந்திருந்தது.
பையோடு வெளியே வந்த என்னிடம்
அதைக் காட்டி, கையைத் துடுப்புபோல் அசைத்து,
எங்கே என்றார்.
என் பையில்தான் இருந்தது.
எடுத்துக் கொடுத்தேன்.
மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல்
அட்டையின் பின்பக்கத்தைக் கண்ணருகே வைத்து
நெடுநேரம் படித்தார்.
திருப்பித் தந்தார்.

பஸ் ஆற்காடு வரைதான் போகும் என்றார்கள்.
ஏறிக்கொண்டேன்.